நெமிலிச்சேரியில் நான் வாங்காமல் வந்த சாக்ஸபோன்

பழைய ஊது வாத்தியங்களை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய முதல் பழைய சாக்ஸபோன் ஒரு மேசை விளக்கு.

ஆவடியில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மற்ற வியாபாரிகளுக்கு முந்தி ஓடினேன். மங்கிய பித்தளை, விரிந்த வாயில் கொடிப்பூ வேலைப்பாடு, விரல் வைக்கும் இடங்களில் முத்துச்சிப்பி. பேரம் பேசினால் அதன் மனசு புண்பட்டுவிடுமோ என்று கேட்ட விலையைக் கொடுத்தேன். மண்ணூர்பேட்டையில் இருந்த என் கடைக்குக் கொண்டுவந்து ஊதினால் உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒயர் நுழைய ஒரு ஓட்டை. யாரோ ஒரு கலாரசிகர் அதைத் துளைத்து பல்பு மாட்டிப் படிக்கிற அறையில் வைத்திருந்திருக்கிறார். என் மனைவி திட்டவில்லை. அதில் மறுபடியும் பல்பை மாட்டிவிட்டு, "நீங்க ஊதி வராதது, சுச்சு போட்டா வருதே" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே, எதையும் கவிழ்த்துப் பாருங்கள். மற்றபடி, எந்தக் கம்பெனி, எந்தக் காலம், வெள்ளிப் பூச்சா வெறும் நிக்கலா என்பதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு படம் எடுத்துப் போட்டால் போதும், நாலு கண்டத்திலிருந்தும் நிபுணர்கள் வந்து உங்கள் கைப்பேசிக்குள் சண்டை போட்டே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது, அவர்கள் யாரும் சொல்லாத ஒரு விஷயம். அதை நான் கற்றுக்கொண்ட இடம் நெமிலிச்சேரி.

கடையை மூடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. தை மாதம் பிறக்கப் போகிறது, கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பூந்தமல்லியில் பேண்டு செட் வைத்திருக்கும் துரை மாஸ்டர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய சாக்ஸபோன் ஊர்கோல வண்டியிலிருந்து விழுந்து, பின்னால் வந்த தண்ணி லாரி அதன்மேல் ஏறி, சப்பாத்தியாகிவிட்டது. முதல் முகூர்த்தத்துக்குள் ஒன்று வேண்டும் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன். அந்த நேரத்தில்தான் ஒரு பெண் படம் அனுப்பினாள். அத்தை வீட்டில் ஒரு வாத்தியம் கிடக்கிறது, வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள், சாமான்களைக் கழிக்கிறோம், வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். படத்தில் கன்னங்கரேலென்று ஒரு ஆல்ட்டோ வகை சாக்ஸபோன். அப்படிக் கறுக்க வேண்டுமென்றால் வெள்ளிப் பூச்சாகத்தான் இருக்க வேண்டும். வாயையொட்டிய இரண்டு பெரிய மூடிகளும் இடது பக்கம் இருந்தன. அந்த அமைப்பு இருந்தால் வாத்தியத்துக்கு என்னைவிட வயசு அதிகம். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது, எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். அந்தப் பெண் சொன்ன அத்தை ஸ்டெல்லா, அவருடைய தம்பி ஆரோக்கியம். இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஸ்டெல்லா அக்கா அந்தப் பக்கத்துக் கோயிலில் வாலிப வயசிலிருந்து, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனை வாசித்தவர். பாடகர் குழுவே அவர் புருவத்தைப் பார்த்துத்தான் மூச்சு விடுமாம். ஆரோக்கியம் அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு அக்காவோடு வந்து இருக்கிறார். நான் போனபோது தரையில் உட்கார்ந்து பழைய பேப்பரைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வாத்தியம் அவருடையது. ஏதோ ஒரு பட்டாளத்துப் பேண்டு கலைந்து சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்ததாம். அண்ணன் அதை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தோப்பில் உட்கார்ந்து தானாகவே ஊதிப் பழகினார். ஒரு கிறிஸ்மஸுக்குக் கோயிலில் ஆர்கனோடு சேர்ந்து ஊத வந்தார். ஒத்திகையில் நாலு வரி போனதும் அக்கா வாசிப்பதை நிறுத்திவிட்டு, இவனுக்குக் காது இல்லை, இவனை வைத்துக்கொண்டு என்னால் முடியாது என்று பங்குச் சாமியாரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஆவடியில் ஒரு பேண்டு செட்டுக்குப் போனார். அங்கேயும் அதே பேச்சு. மேனாம்பேட்டில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குப் போனார். டீ குடிக்கப் போன இடத்திலேயே அவரை விட்டுவிட்டுக் குழு கிளம்பிப் போயிருக்கிறது.

இதையெல்லாம் ஸ்டெல்லா அக்கா எனக்குச் சொன்ன விதம், வருகிற விருந்தாளிக்கெல்லாம் முறுக்கோடு சேர்த்து வைக்கிற கதை மாதிரி இருந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆரோக்கியம் அண்ணனும் சரியான இடத்தில் சிரித்தார். ஐம்பது வருஷப் பழக்கம். நானும் சிரித்தேன். வாலிபத்தில் ஊதப்போன என்னையும் இப்படித் துரத்தியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே வாத்தியத்தைக் கவிழ்த்தேன். பின்பக்கம், கட்டைவிரல் வைக்கும் கொக்கிக்குக் கீழே எண். எண்ணுக்குக் கீழே, கறுப்பைத் துடைத்ததும், ஒரே ஒரு எழுத்து: எச்.

இந்த எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பட்டாளத்துப் பேண்டுகள் நம்முடைய இன்றைய சுருதியைவிடக் கொஞ்சம் தூக்கலாக வாசித்தன. அரைக் கட்டைகூட முழுசாக இல்லை, அதற்கும் உள்ளே ஒரு தூக்கல். அந்தச் சுருதிக்கென்றே செய்த சாக்ஸபோன்களுக்குச் சில கம்பெனிகள் 'ஹை' என்பதன் முதல் எழுத்தான இதைப் போட்டன. தனியாக ஊதினால் குறையே தெரியாது. பக்கத்தில் ஒரு ஆர்கனோ ட்ரம்பெட்டோ வந்ததும் பல் கூசும். பிடில் என்றால் ஆணியைத் திருகலாம். இதை ஒன்றும் செய்ய முடியாது, அதன் உடம்பின் நீளமே அப்படி. நம் வியாபாரத்தில் அதற்கு மதிப்பு கண்ணாடி அலமாரியில்தான்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் என் நஷ்டத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் வாத்தியத்தின் கழுத்தைப் பார்த்தேன். ஊதுகிற முனை மாட்டும் கார்க்கு இருக்கிறதே, அது முடிந்த பிறகும் நுனி வரைக்கும் மெழுகு தடவிய நூல் சுற்றியிருந்தது. நூலுக்கு மேல் நூல், வரிசை பிசகாமல். முனையை எவ்வளவு வெளியே இழுக்கிறோமோ அவ்வளவு சுருதி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது விழுந்துவிடுகிற எல்லை வரைக்கும் இழுத்துவைக்க, ஒரு மனிதர் உட்கார்ந்து நூல் சுற்றியிருக்கிறார். இழுத்தால் ஒரு ஸ்வரம் இறங்கும், பக்கத்து ஸ்வரம் கோணிக்கொள்ளும். கோணியதைச் சரிசெய்ய மறுபடியும் சுற்றியிருக்கிறார். தான் தூக்கலாக ஊதுகிறோம் என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. காது இல்லாதவனுக்கு நூல் எதற்கு?

நான் நிமிர்ந்து ஆரோக்கியம் அண்ணனைப் பார்த்தேன். அவர் பேப்பர் கட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்து துரை மாஸ்டரின் போன். வாசலுக்குப் போய், இது சுருதி ஒத்துவராத வாத்தியம் என்று சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"மாமே, ஊர்கோலத்துல ஜெனரேட்டர் ஓடும், வெடி போடுவானுங்க, மாப்ள ஃப்ரெண்டுங்க விசில் அடிப்பானுங்க. அதுல இன்னா சுருதி கண்ட நீ? வெள்ளியா கீதில்ல? பாலிஷ் போட்டுக் கொண்டா."

ஆக, எனக்கு வழி சுத்தமாக இருந்தது. அக்கா ஒரு விலை சொல்லியிருந்தார், நியாயமான விலை. துரைக்கு வேண்டியது பளபளப்பு. நான் பேசாமல் வாங்கிக்கொண்டு போனால் மூன்று பேருக்கும் சந்தோஷம், யாரையும் ஏமாற்றியதாகவும் ஆகாது. உள்ளே வந்து சரி என்றேன். அக்கா என் பையைத் திறக்கச் சொன்னார்.

ஆரோக்கியம் அண்ணன் எழுந்து, தோளில் கிடந்த துண்டால் வாத்தியத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னிடம், அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"நல்லா ஊதறவன் கையில குடு தம்பி. பாவம், எங்கிட்ட மாட்டிக்கினு கெட்ட பேரு வாங்கிச்சு."

தம்பிகளே, நம் தொழிலில் அவசரம் என்பது பெரும்பாலும் ரயில் நேரமும் எதிராளி வியாபாரியும்தான். அன்றைக்கு எனக்கு வந்தது வேறு அவசரம். பை திறந்து கிடக்கிறது, வாத்தியம் அவர் கையில் இருக்கிறது, அது பைக்குள் போவதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? எழுபது வயசு மனிதரிடம் போய், உங்கள் மேல் தப்பே இல்லை, ஒரு எழுத்துதான் காரணம் என்று சொல்வது உபகாரமா, கொடுமையா? போன வருஷங்களை நான் பையிலா வைத்திருக்கிறேன், எடுத்துக் கொடுக்க? தம்பிக்கு நல்ல சேதி என்றால், அக்காவுக்கு அது என்ன சேதி? எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர். இத்தனை வருஷமாக முறுக்கோடு பரிமாறியவரும் அவர்.

ஆனால் அண்ணன் வாத்தியத்திடம் மன்னிப்புக் கேட்டதை நான் கேட்டுவிட்டேன். என் வாய் வழக்கம்போல என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

சொன்னேன். எழுத்தைக் காட்டினேன், நூலைக் காட்டினேன். யார் வந்து ஊதியிருந்தாலும் அந்த ஆர்கனோடு இது சேர்ந்திருக்காது என்றேன். ஆரோக்கியம் அண்ணன் துண்டால் அந்த எழுத்தை மறுபடி துடைத்துப் பார்த்தார். கோபம் அக்காவுக்குத்தான் வந்தது.

"அப்ப நான் சொன்னது பொய்ன்றியா? அபஸ்வரமா கேட்டுச்சு. இந்தக் காதாலதான் கேட்டேன்."

"அபஸ்வரம்தாங்க்கா. உங்க காதும் சரி, அவர் காதும் சரி."

"அது எப்பிடி ரெண்டும் சரியாவும்? வாங்க வந்த எடத்துல வெலயக் கொறைக்கப் பாக்கறியா நைனா?"

இந்தச் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாத்தியத்தில் குறை சொல்கிற வியாபாரியை உலகத்தில் எவன் நம்புவான்? நிரூபிக்கிறேன் என்றேன். அண்ணனின் பேத்தி லீவுக்கு வந்தால் வாசிக்க ஒரு கீபோர்டு வைத்திருந்தார்கள். இடம் மாற்றுவதற்காக அட்டைப் பெட்டியில் இருந்ததை அக்காவே எடுத்து மேசைமேல் வைத்து, மின்சாரம் கொடுத்தார். என் பையிலிருந்து ஊதுமுனையும் நாணலில் சீவிய புது ரீடும் எடுத்து மாட்டினேன். ஐம்பது வருஷம் மூடிக் கிடந்ததில் உள்ளே இருக்கும் தோல் அடைப்புகள் எல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டன. கீழ் ஸ்வரங்கள் வராது, மேலே இரண்டு மூன்று வந்தால் பெரிய விஷயம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, நான் ஊதப்போனேன். என்னுடைய வாசிப்பைக் கேட்டால் எந்த உண்மையும் நிரூபணமாகாது என்று தோன்றியது. அண்ணனிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. கையைத் துண்டில் துடைத்தார். பல்செட் போட்டிருக்கிறேன் என்றார். வேண்டாம் தம்பி என்றார். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை விரல்கள் காற்றில் போய் அந்தந்த இடத்தில் நின்றுவிட்டன.

முதல் ஊதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் வந்தது. சின்ன சத்தம்தான், கொஞ்சம் நடுக்கம். ஆனால் அப்படி ஒரு நீளமான, உருண்டையான ஒலியை இந்த எஸ்டேட் பக்கத்தில் நான் கேட்டதே இல்லை. தோப்பில் யாருமே இல்லாமல் தன்னந்தனியாக ஊதிப் பழகியவரின் ஒலி அது. யாரோடும் போட்டி போடாத ஒலி.

அக்கா ஒரு கட்டையை அழுத்தினார். பல் கூசியது. அடுத்த கட்டையை அழுத்தினார். அப்போதும் கூசியது, வேறு பக்கமாக. மறுபடி முதல் கட்டை, மறுபடி அடுத்தது. அவருடைய தம்பியின் ஸ்வரம் அந்த இரண்டு கட்டைகளுக்கும் நடுவில், விரல் வைக்க இடமே இல்லாத ஓரிடத்தில் இருந்தது. அக்கா கட்டையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை சண்டை போடவில்லை.

வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது. நான் பதற்றத்தில் உளற ஆரம்பித்தேன். அண்ணே, கவலையை விடுங்கள், சரியான சுருதியில் ஒன்று நானே தேடித் தருகிறேன், என் லாபம்கூட வேண்டாம் என்றேன். அவர் வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு சிரித்தார். முறுக்குக் கதைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை இது.

"வாணாம் தம்பி. இனிமே போயி சரியான வாத்தியத்துல தப்பா ஊதினேன்னு வையி, அப்பால நான் யார் மேல பழி போடறது?"

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கேட்டார், அது இறங்கி வராது, சரி, இது ஏறுமா? ஏறும் என்றேன். அதற்கென்று உள்ளே ஒரு வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாலு தப்பான பொத்தானை அமுக்கி, ஒரு தடவை சர்க்கஸ் தாளம் ஒன்று தானாக ஓட ஆரம்பித்து, அதை நிறுத்தி, கடைசியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் மயிரிழை அளவு சுருதி ஏறும். நான் தட்டப் போனபோது அக்கா என் கையை விலக்கினார்.

"நீ ஊது," என்றார் தம்பியிடம். "எப்ப ஒக்காருதுன்னு நீ சொல்லு."

அவர் ஊதினார். அக்கா ஒரு கையால் கட்டையை அழுத்திக்கொண்டு, மறு கையால் தட்டினார். அண்ணன் மூச்சை விட்டுவிட்டு, இன்னும் என்று தலையாட்டினார். மறுபடி ஊதினார். அக்கா தட்டினார். இன்னும். இரண்டு ஒலிகளும் உரசுவது கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிக்கொண்டே வந்தது, காற்றாடி நிற்பதற்கு முன்னால் இறக்கைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்குமே, அப்படி. எனக்குப் போதும் என்று பட்டது. அக்காவுக்கும் பட்டிருக்க வேண்டும், கையை எடுக்கப் போனார். அண்ணன் ஊதியபடியே இல்லை என்று கண்ணைக் காட்டினார். அக்கா இன்னொரு தட்டு தட்டினார்.

"நில்லு," என்றார் அவர், உடனே அதே ஸ்வரத்தை மறுபடி ஊதினார்.

உரசல் நின்றது. அறையில் இரண்டு ஒலி இருந்தது, கேட்டால் ஒன்றுதான் இருந்தது. சுருதி பார்க்க எடுத்த கைப்பேசியை நான் சட்டைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தில் வியாபாரத்துக்கான பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். ஒரு வாத்தியத்தில் பிறவிக் குறை இருப்பதைக் கண்டுபிடித்தால், விலை பேசுவதற்கு முன்னால், இதை ஊதியவர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள். நல்லது நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். எனக்கு அன்றைக்கு நடந்ததெல்லாம், கொண்டுபோன பை காலியாகத் திரும்பியதும், துரை மாஸ்டர் தை மாசம் முழுக்க என்னை வைத வசவும்தான். அவற்றில் பாதி அச்சேறாது. இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்குப் போனதும் பரண்மேல் ஏறி, வாலிபத்தில் நான் ஊதி விரட்டப்பட்ட என் சொந்த சாக்ஸபோனை இறக்கி, எண்ணுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். துணியால் தேய்த்தும் பார்த்தேன். மிகச் சரியான சுருதியில் செய்த வாத்தியம். அதற்கு ஒரு குறையும் இல்லை. என்னை விரட்டியவர்கள் நல்ல ரசிகர்கள். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏன் அப்படி அழுகை வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, கடை ஞாபகம் வருகிறதா என்று பலரும் கேட்கிறார்கள். கடை வருவதில்லை. நான் வாங்கியதும் விற்றதும் வருவதில்லை. நெமிலிச்சேரி வீட்டு வாசலில், யாரும் கவனிக்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரம்தான் வருகிறது.

உள்ளே அக்கா பாட்டை ஆரம்பித்துவிட்டார். எந்தப் பாட்டு என்று அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒத்திகையில் நாலு வரியோடு நின்றுபோனதாகத்தான் இருக்க வேண்டும். வருகிற மூன்று ஸ்வரங்களை அண்ணன் ஊதினார். வராத இடங்களில் விரல் சரியாக நின்று வெறும் காற்று போனது, அங்கெல்லாம் அக்காவின் கீபோர்டு நிரப்பியது. நாலாவது வரி வந்தது. அக்கா நிறுத்தவில்லை. ஐந்தாவது வரியில் அண்ணன்தான் நிறுத்தினார்.

"அக்கா, பல்செட் கழண்டுக்கும்போலக் கீது."

"கழண்டா கழட்டி வச்சிட்டு ஊது," என்று சொல்லிவிட்டு அக்கா ஐந்தாவது வரியிலிருந்து மறுபடி எடுத்தார்.